கதிருக்கு ஒரு புள்ளி: அரை, கால், அரைக்காலில் வயலை அளப்பது

விளைச்சல் எப்படி என்று கேட்டால் நம்ம ஆட்களில் பலர் வரப்போரம் போய் ஒரு கதிரை ஒடிச்சு வந்து கையில் கொடுப்பாங்க. "பாருங்க சார், எவ்ளோ நீளம்!" நல்ல கதிர்தான், மறுக்க முடியாது. ஆனால் உள்ளே நிற்கிற மத்த கதிரெல்லாம் எப்படி இருக்கு என்பதை அது சொல்லாது. இன்னும் சிலர் கூட்டத்தில் எழுந்து "சராசரி இவ்வளவு" என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லி உட்கார்ந்துடுவாங்க. அதுவும் பாதிக் கதைதான்.

ரெண்டுக்கும் மேலான ஒரு வழி இருக்கு, அதுவும் அஞ்சாம் வகுப்புக் கணக்கு. அளந்த ஒவ்வொரு கதிருக்கும் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளியையும் ஒரே கோட்டின் மேல், அதது அளவுக்கு நேராக வைக்கணும். ஒரே அளவில் ரெண்டு கதிர் வந்தால் புள்ளி மேல் புள்ளி. பள்ளிக்கூடத்தில் இதை 'லைன் பிளாட்' என்கிறாங்க. நான் புள்ளிக்கோடு என்று சொல்றேன். அமெரிக்காவில் 2010-ல் வெளியிட்ட பொதுப் பாடத்திட்டத்தில் 4, 5-ம் வகுப்புகளுக்கு இது இருக்கு. அங்கே கொடுத்திருக்கிற உதாரணங்கள், பூச்சி சேகரிப்பில் மிக நீளமான பூச்சிக்கும் மிகக் குட்டைக்கும் எவ்வளவு வித்தியாசம், ஒரே மாதிரிக் குடுவைகளில் ஏறக்குறைய இருக்கிற தண்ணீரைச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கும், இந்த மாதிரி. எல்லாம் 1/2, 1/4, 1/8 அளவுகளில். படிக்கும்போதே இது பூச்சிக்கும் குடுவைக்கும் மட்டுமான கணக்கு இல்லை, வயலுக்கான கணக்கு என்று தோணும்.

நமக்கு இதில் ஒரு வசதி கூடுதலாக இருக்கு. நம்ம பின்ன எண்களின் பெயரே பாடம். பாதி என்றால் அரை. அதில் பாதி கால். அந்தக் காலில் பாதி அரைக்கால். அதிலும் பாதி வீசம், மாகாணி என்றும் சொல்வாங்க. "1/8 பெரிசா, 1/4 பெரிசா?" என்று கேட்டால், எட்டு நாலைவிடப் பெரிசுதானே என்று நிறையக் குழந்தைகள் தப்பா சொல்லும். "அரைக்கால் பெரிசா, கால் பெரிசா?" என்று கேட்டுப் பாருங்க. காலில் அரைதானே அரைக்கால் என்று வார்த்தையே காட்டிக் கொடுத்துடும்.

வீட்டில் பழைய படி செட் இருந்தால் எடுத்துக் காட்டுங்க. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ஆழாக்கு என்பது அரைக்கால் படி. ரூபாயும் அப்படித்தான் இருந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய், ஆக ஒரு அணா ஒரு வீசம். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து எல்லாம் நூறாகிப் போச்சு. அதுக்கப்புறமும் 25 காசை நாலணா என்றேதான் கூப்பிட்டோம். 2011 ஜூன் 30-க்குப் பிறகு அந்தக் காசும் செல்லாது என்று ஆனபோது, சொல்லும் குழந்தைகள் வாயிலிருந்து போயிடுச்சு. இப்போது மிச்சம் இருப்பது பேச்சில் வருகிற "முக்காலே மூணு வீசம்". வேலை கிட்டத்தட்ட முடிஞ்சது என்பதுக்கு அப்படிச் சொல்றோம். முக்கால் என்றால் பன்னிரண்டு வீசம், அதோடு மூணு வீசம், ஆகப் பதினாறில் பதினைந்து. பேச்சு வழக்குக்கு உள்ளேயே ஒரு கூட்டல் கணக்கு உட்கார்ந்திருக்கு.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் பண்ணினது இந்தக் கணக்குக்காகத்தான். களத்தில் குவிச்ச நெல்லை அளக்கவும், அதில் யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கவும் அது வேணும். நம்ம செங்கல்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சுமார் ரெண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தக் காலத்து ஊர்க் கணக்குகள் பனை ஓலையிலும் இருந்திருக்கு. ஏரி மராமத்துக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, கணக்கருக்கு என்று நெல்லில் பங்கு பிரிச்சு எழுதின கணக்குகள் அவை. அந்தச் சீமையில்தான் நாம் உட்கார்ந்துக்கிட்டு "பின்னம் கஷ்டம்" என்று சொல்லிக்கிட்டிருக்கோம்.

சரி, வேலைக்கு வருவோம்.

தேவையானது ஒரு இஞ்ச் டேப், கோலமாவு, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. டேப்பில் சென்டிமீட்டர் பக்கத்தை விட்டுட்டு இஞ்ச் பக்கத்தைப் பாருங்க. ஒரு இஞ்சுக்குள் நடுவில் இருக்கிற நீளக் கோடு அரை. அதைவிடக் குட்டையானது கால், அதைவிடக் குட்டை அரைக்கால். ஆசாரிகிட்ட கேட்டால் அரைக்கால் இஞ்சை 'ஒரு நூல்' என்பார். கால் இஞ்ச் ரெண்டு நூல், அரை இஞ்ச் நாலு நூல், ஒரு இஞ்ச் எட்டு நூல். கட்டட வேலையில், மரவேலையில் இன்னிக்கும் இதுதான் பேச்சு. நாவலூரில் இத்தனை மாடி எழும்புது, அத்தனையிலும் கதவு நிலைக்கு "மூணு நூல் குறையுது" என்று குரல் கேட்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் இந்த நூல் இல்லை.

டேப்பில் கோடு பார்க்கச் சிரமப்படுற குழந்தைக்கு ஒரு காகிதப் பட்டை கிழிச்சுக் கொடுங்க. ஒரு மடிப்பு மடிச்சால் அரை. மறுபடி மடிச்சால் கால். இன்னொரு மடிப்பு அரைக்கால். பிரிச்சுப் பார்த்தால் எட்டுப் பாகம். மடிச்சுப் பார்த்த குழந்தைக்கு மறக்காது.

அடுத்தது எந்தக் கதிரை எடுப்பது. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க, கண் தானாகவே நல்ல கதிர் பக்கம் போகும். வங்கியில் ஆய்வுக்கு வருகிற அதிகாரி எந்தக் கடன் கோப்பைப் பார்க்கணும் என்று அவரே எடுத்துக்குவார். மேனேஜரை எடுத்துத் தரச் சொன்னால் எதைத் தருவார் என்று எல்லாருக்கும் தெரியும். வயலில் நாமதான் மேனேஜர், நாமதான் ஆய்வாளர். அதனால் ஒரு விதி வச்சுக்கணும். வரப்பிலிருந்து மூணு அடி உள்ளே தள்ளி ஆரம்பிச்சு, மூலைக்கு மூலை குறுக்காக நடங்க. பத்தடிக்கு ஒரு தடவை நின்னு, வலது கால் பக்கம் இருக்கிற குத்தில் உயரமான தூரின் கதிரை மட்டும் எடுங்க. பிடிச்சாலும் பிடிக்காட்டியும் அதுதான். கதிர்க் கழுத்துக் கணுவிலிருந்து நுனி நெல் வரை நீட்டிப் பிடிச்சு அளக்கணும். நுனியில் மீசை இருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது. ரெண்டு கோட்டுக்கு நடுவில் விழுந்தால் கிட்ட இருக்கிற கோட்டை எழுதிக்கலாம்.

நாவலூரில் கட்டடங்களுக்குப் பின்னால் எனக்கு மிச்சம் இருக்கிறது ஒன்றேகால் ஏக்கர். எங்க ஜில்லாப் பழைய கணக்கில் ஒரு காணிக்குக் கொஞ்சம் குறைவு. 24 மனை ஒரு காணி, அது 1.32 ஏக்கர் வரும். இப்போ இங்கே நிலத்தை மனைக் கணக்கில்தான் கேட்க வராங்க, அது வேற கதை. சம்பாவில் தூயமல்லி போட்டிருந்தேன். தை அறுப்புக்கு முன்னால் நானும் அஞ்சாவது படிக்கிற பேத்தியும் மேலே சொன்ன விதிப்படி பதினைந்து கதிர் எடுத்தோம். பதினாறாவதை அவளே கால்வாய் ஓரத்து வரப்பிலிருந்து ஒடிச்சு வந்து, "இதையும் சேர்த்துக்கோ தாத்தா, இதுதான் பெரிசு" என்றாள். சேர்த்துக்கிட்டோம். களத்தில் கோலமாவால் கோடு போட்டு, ஒரு நூலுக்கு ஒரு ஜாண் இடைவெளி விட்டு அடையாளம் வச்சு, கதிருக்கு ஒரு புளியங்கொட்டை வச்சோம். இங்கே அச்சுக்காகக் கோட்டை நிமிர்த்திப் போட்டிருக்கேன். அளவெல்லாம் இஞ்ச்.

8 1/2 : ●
8 5/8 :
8 3/4 : ● ●
8 7/8 : ● ●
9 : ● ● ● ●
9 1/8 : ● ●
9 1/4 : ● ● ●
9 3/8 : ●
9 1/2 :
9 5/8 :
9 3/4 :
9 7/8 : ●

காலியாக இருக்கிற இடங்களைக் கவனியுங்க. எட்டரையே அரைக்காலில் கதிர் இல்லை, ஒன்பதரையிலும் இல்லை. இல்லாவிட்டாலும் அந்த இடம் கோட்டில் இருந்தே ஆகணும். குழந்தைகள் முதலில் செய்கிற தப்பு இதுதான், கதிர் இல்லாத அளவை விட்டுட்டு அடுத்ததை ஒட்டி எழுதிடுவாங்க. அப்புறம் கடைசிக் கதிர் தனியா நிற்கிறது தெரியாமல் போயிடும். இன்னொரு தப்பு, 9 1/8-ல் ரெண்டு புள்ளி இருக்கிறதைப் பார்த்து 'ரெண்டு எட்டு' என்று படிப்பது. கோட்டில் எழுதியிருக்கிறது நீளம். மேலே இருக்கிற புள்ளி எண்ணிக்கை. இது ரெண்டும் வேற வேற என்று புரிஞ்சுட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இப்போ கணக்குகள். மிக நீளத்துக்கும் மிகக் குட்டைக்கும் வித்தியாசம் என்ன? ஒன்பதேமுக்காலே அரைக்காலிலிருந்து எட்டரை போகணும். கழிக்க வேண்டாம், கோட்டில் நடந்தே போகலாம். எட்டரையிலிருந்து ஒன்பதரைக்கு ஒரு இஞ்ச். அங்கிருந்து இன்னும் மூணு நூல். ஆக ஒன்று மூணு நூல், அதாவது 1 3/8. ஒன்பதேகால் இஞ்ச் கதிர் மூணையும் முனைக்கு முனை வச்சால்? மூவொன்பது இருபத்தேழு, மூணு கால் முக்கால். இருபத்தேழே முக்கால். ஒன்பது இஞ்சுக்குக் குறைந்த கதிர் எத்தனை? ஐந்து. பதினாறில் ஐந்து என்றால் ஐந்து வீசம், காலே வீசம். ஒன்பதிலிருந்து ஒன்பதேகால் வரைக்கும் எத்தனை? ஒன்பது கதிர். பதினாறில் ஒன்பது, அரையே வீசம். பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அடுத்தது சராசரி. பதினாறு பின்னங்களை வரிசையாக எழுதிக் கூட்டச் சொன்னால் குழந்தை ஓடிடும், நானும் ஓடிடுவேன். பற்று வரவு மாதிரி செய்யலாம். எல்லாருக்கும் ஒன்பது இஞ்ச் இருக்கணும் என்று வச்சுக்குவோம். அதுக்குக் குறைந்தவங்களுக்குக் கடன் வேணும். மிஞ்சினவங்க கடன் கொடுக்கட்டும். எல்லாம் நூல் கணக்கில்.

எட்டரைக்கு 4 நூல் வேணும். எட்டேமுக்கால் ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு, ஆக 4. எட்டேமுக்காலே அரைக்கால் ரெண்டுக்கும் ஒன்று ஒன்று, ஆக 2. மொத்தம் 10 நூல் பற்றாக்குறை. ஒன்பது இஞ்ச்காரங்க நாலு பேரும் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் சும்மா இருக்கட்டும். மேல் பக்கம் வாங்க. ஒன்பதே அரைக்கால் ரெண்டு, அவங்களிடம் 2 நூல் மிச்சம். ஒன்பதேகால் மூணு, ஆளுக்கு ரெண்டாக 6. ஒன்பதேகாலே அரைக்காலிடம் 3. அந்தப் பெரிய கதிரிடம் 7. மொத்தம் 18 நூல் மிச்சம். பத்தைக் கடனுக்குக் கொடுத்துட்டால் கையில் இருப்பு 8 நூல், அதாவது ஒரு இஞ்ச். ஒரு இஞ்சைப் பதினாறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு வீசம். சராசரி ஒன்பதே வீசம், 9 1/16 இஞ்ச். பெருக்கல் வகுத்தல் எதுவும் பெரிசாக இல்லை.

இப்போ பேத்தி கொண்டு வந்த அந்தப் பெரிய கதிரின் புளியங்கொட்டையைக் கோட்டிலிருந்து எடுத்துடுங்க. 18 நூல் மிச்சத்தில் ஏழு போயிடுச்சு, 11 நூல்தான் இருக்கு. கடன் 10. பதினைந்து கதிருக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒரே ஒரு நூல். அதைப் பதினைந்தாகப் பிரிச்சால் கண்ணுக்கே தெரியாது. சராசரி ஒன்பதுக்கே வந்துடுச்சு. ஒரு கதிர், ஒரே ஒரு கதிர், பதினாறு பேர் கணக்கையும் கிட்டத்தட்ட ஒரு வீசம் தூக்கிட்டுது. வரப்போரப் பயிருக்கு வெயிலும் காற்றும் அதிகம், போட்டி குறைவு, கால்வாய்த் தண்ணீரும் முதலில் அதுக்குத்தான். அதனால் அது நீண்டிருக்கும். விதையின் குணம் என்று சொல்ல முடியாது. கூட்டங்களில் நாம் கைமாத்திப் பார்க்கிற காட்சிக் கதிர்களில் எத்தனை இப்படி வரப்போரத்தில் பிறந்தவை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இயற்கை விவசாயத்தை நம்பாதவர் ஒருத்தர் நம்ம வயலுக்கு வந்தால் அவர் வரப்பில் நிற்க மாட்டார், உள்ளே இறங்குவார். அவருக்குக் காட்ட ஒரு கதிரைவிட இந்தக் கோடு உதவும்.

ஜீவாமிர்தம் விட்ட பாத்தியும் விடாத பாத்தியும் வித்தியாசமா என்று பார்க்கணும் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு கோடு போடுங்க. ரெண்டிலும் கதிர் எண்ணிக்கை ஒன்றாக இருக்கணும், ரெண்டு கோட்டிலும் ஒன்பது நேருக்கு நேர் இருக்கணும். அவ்வளவுதான். புள்ளிக்கூட்டம் மொத்தமாக நகர்ந்திருக்கா, இல்லை ஒன்றிரண்டு மட்டும் ஓடியிருக்கா என்று பார்த்தாலே தெரியும்.

குடுவைக் கணக்குக்கும் வீட்டிலேயே உதாரணம் இருக்கு. மீன் அமிலம் வடிகட்டி வச்ச ஐந்து பாட்டிலில் 1/4, 1/2, 1/2, 5/8, 5/8 லிட்டர் இருக்குன்னு வைங்க. சமமாக்கினால்? அரைக்கால் கணக்கில் 2, 4, 4, 5, 5. மொத்தம் இருபது அரைக்கால். ஐந்து பாட்டிலுக்கு நாலு நாலு, ஆக அரை லிட்டர். கோட்டில் பார்த்தால் கால் லிட்டருக்கு ரெண்டு அரைக்கால் குறை, 5/8 ரெண்டிலும் ஒவ்வொன்று மிச்சம். கொடுத்து வாங்கினால் சரியாப் போச்சு.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது விதை. நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடத்தின நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரணும் என்பது ஏற்பாடு. அந்த வழியில் இன்னிக்கும் விதை கைமாறிக்கிட்டுதான் இருக்கு. கலப்பு விதையைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? அடுத்தவர் வயலும் கலப்பு, அவரிடம் வாங்கினவர் வயலும் கலப்பு. நாலைந்து கை மாறினால் ரகம் பெயரில் மட்டும்தான் இருக்கும்.

சராசரி இதைக் காட்டிக் கொடுக்காது. கணக்குக்காகப் பதினாறு குத்தின் உயரத்தை அடியில் எடுத்துக்குவோம்.

3 1/4 : ● ●
3 1/2 : ● ● ● ●
3 3/4 : ● ●
4 :
4 1/4 : ● ●
4 1/2 : ● ● ● ●
4 3/4 : ● ●

சராசரி போட்டுப் பாருங்க, சரியாக நாலு அடி வரும். நாலடி உயரத்தில் ஒரு குத்துகூட வயலில் இல்லை! கோட்டில் ரெண்டு குவியல், நடுவில் பள்ளம். இந்த உருவத்தைப் பார்த்தால் உடனே சந்தேகப்படணும். ஆனால் அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. ரெண்டு குவியலுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். உயரமானதெல்லாம் வயலின் ஒரே மூலையில் இருந்தால் அது தண்ணீர் தேங்குகிற இடமாகவோ, எரு குவிச்சு வச்ச இடமாகவோ இருக்கும், விதையில் கோளாறு இல்லை. உயரமும் குட்டையும் வயல் முழுக்க மாறி மாறி நின்னால்தான் கலப்பு. அதனால் அளக்கும்போதே எந்தக் குத்து எந்த இடம் என்று பக்கத்தில் குறிச்சுக்கணும். பேத்தி ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் 'மோட்டார் பக்கம்', 'பனைமரப் பக்கம்' என்று எழுதி வச்சிருந்தாள். அந்தக் குறிப்பு போதும்.

கலப்புதான் என்று முடிவானால் கலவன் எடுக்கணும். பூக்கும் சமயத்தில் ஒரு தடவை, கதிர் முற்றும்போது இன்னொரு தடவை. உயரம் மட்டும் பார்க்காமல் இலை நிறம், நெல்லின் நிறம், மீசை இருக்கா இல்லையா என்றும் பார்த்து வேறானதைத் தூரோடு பிடுங்கணும். விதைக்கான கதிரை வரப்போரம் விட்டு நடு வயலில், கோட்டில் குவியல் எங்கே உயரமாக இருக்கோ அந்த அளவுள்ள ஆரோக்கியமான கதிர்களிலிருந்து எடுக்கலாம். ரகத்தின் குணம் அங்கேதான் இருக்கு, கடைசியில் தனியா நிற்கிற புள்ளியில் இல்லை.

போட்ட கோட்டை ஒரு அட்டையில் எழுதி, ரகத்தின் பெயர், பட்டம், அளந்த தேதியோடு விதை மூட்டையில் கட்டிடுங்க. விதை வாங்கிப் போறவருக்கும் ஒரு நகல். அடுத்த வருஷம் அளக்கும்போது புதுக் கோட்டை அதே அட்டையில், பழைய கோட்டுக்கு அடியில், அதே இடைவெளியில் போடணும். எண்ணிக்கை பதினாறு இருந்தால் வீசத்தில் கணக்குப் பார்க்கச் சௌகரியம். கை ஓடினால் முப்பத்திரண்டு எடுங்க.